கைக்கேற்ற முனை

சென்ற தவணையில் ஒரு நாள் பால பண்டித வகுப்பு முடிந்து மாணாக்கர் எழுந்து போய்க்கொண்டிருந்தனர். ஒரு மாணவன் மாத்திரம் போகாது நின்றான். யான் திருத்திக் கொடுத்த கட்டுரைக் கொப்பி அவன் கையில் இருந்தது.

“ஐயா, உங்கள் எழுத்து ஓரிடத்திலே தடித்தும் ஓரிடத்திலே மெலிந்தும் இருக்கின்றது. என் எழுத்து எங்கும் ஒரே கனமாய்க் கிடக்கின்றது. எந்தப் பேனை வாங்கினால் இப்படி எழுதலாம்?” என்று கேட்டான்.

“தம்பி, எழுத்துப் பேனையிலா இருக்கின்றது? கையில் அல்லவா இருக்கின்றது!” என்று சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். உபாத்தியாயர்களிடம் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும் விடை அது. ஆனால் அது பாதி உண்மை. இராகம் வீணையில் இல்லை, விரலில் இருக்கின்றது என்பது மெய்யே. நரம்பு தளர்ந்த வீணையை வைத்துக்கொண்டு விரல் என்ன செய்யும்? ஆதலின் அவனை இருத்தி அரைமணி நேரம் பேசினேன். அவனுக்குச் சொன்னவற்றையும், சொல்லாது விட்ட ஒன்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

உருண்டையும் உளியும்

சாதாரண ஊற்றுப்பேனையின் முனையை உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நுனியிலே மிகச் சிறிய மணி ஒன்று தோன்றும். முனை பொன்னாயினும் உருக்காயினும் அந்த மணி வேறு உலோகம். பொன் மெத்தென்றது, நாடோறும் கடதாசியில் உராய்ந்தால் விரைவிலே தேய்ந்துபோம். ஆதலின் ஒசுமியம், உருத்தேனியம், தங்குதன் முதலிய கடிய உலோகங்களின் கலவையைச் சிறு மணியாக நுனியிற் பொருத்தி, நடுவே பிளந்து, மை இறங்க வழி செய்கின்றனர். கடைக்காரர் இதனை இரிடியம் என்று பொதுப்பெயராற் சொல்வர். அப்பெயர் நின்றுவிட்டது, இன்றைய முனைகள் பெரும்பாலானவற்றில் அந்த உலோகம் இல்லை.

உருண்டை எத்திசையில் ஓடினாலும் கோடு ஒரே கனமாகவே விழும். மாணவன் கண்ட குறை இதுதான். அது அவன் கையின் குறையன்று, உருண்டையின் இயல்பு.

இத்தாலிக் முனை என்பது உருண்டையன்று. அது ஒரு சிறு உளி. நுனி குறுக்கே நேராக வெட்டப்பட்டு, அகலம் உடையதாய், தடிப்பு இல்லாததாய் இருக்கும். அந்த உளியின் விளிம்பு போகும் திசையிலேயே பேனையை இழுத்தால் மயிரிழை போன்ற கோடு வரும். விளிம்புக்குக் குறுக்கே இழுத்தால் முனையின் முழு அகலமும் கோட்டில் விழும். விளிம்பை எழுத்தோடும் வரிக்கு 45 பாகைச் சரிவில் வைத்து எழுதுவது வழக்கம். அப்பொழுது இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறும் கோடு மெல்லியது. இடமேலிருந்து வலக்கீழாக இறங்கும் கோடு வலியது. நேரே நிற்கும் கோடும் கிடக்கும் கோடும் இரண்டுக்கும் இடைப்பட்டவை. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் மூன்றும் கோட்டிலும் உண்டு என்று அம்மாணவனுக்குச் சொன்னேன். அவன் சிரித்தான், ஆனால் விளங்கிக்கொண்டான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அழுத்தி எழுதித் தடிப்பு உண்டாக்கும் கூர்முனை வேறு. அதிலே கோட்டின் கனம் அழுத்தத்தைப் பொறுத்தது. இத்தாலிக் முனையில் அழுத்தத்துக்கு வேலையில்லை. திசையும் கோணமுமே எல்லாம். கோணம் மாறாதிருந்தால் தடிப்பும் மெலிவும் தாமே ஒழுங்காக வந்து விழும். கையை அடக்குவதற்கு இதனினும் நல்ல ஆசிரியர் கிடைப்பதரிது.

முனை வந்த வழி

இந்த முனை நேற்றுத் தோன்றியதன்று. ஐரோப்பாவில் நாணற்பேனையையும் இறகுப்பேனையையும் நுனியிலே குறுக்காக வெட்டி எழுதிய காலம் நீண்டது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே புளோரன்சு நகரத்தில் வாழ்ந்த நிக்கொலோ நிக்கொலி என்பார் பழைய நூல்களைத் தேடிப் படியெடுப்பதிலேயே காலங் கழித்தவர். விரைந்து படியெடுக்கும் அவருடைய சரிந்த கையெழுத்திலிருந்தே இத்தாலிக் எழுத்துக் கிளைத்தது என்பர். ஏடு தேடுதலையும் பிரதி செய்தலையும் அறிந்த நமக்கு அவரை அந்நியர் என்று நினைக்கத் தோன்றுவதில்லை. 1501ஆம் ஆண்டில் வெனிசு நகரத்து அச்சகத்தார் ஆல்துஸ் மனூத்தியுஸ் அவ்வெழுத்தையே அச்சில் வார்த்து வேர்ஜிலின் நூலைச் சிறு வடிவில் வெளியிட்டார். 1522ஆம் ஆண்டைத் தாங்கி உரோமாபுரியில் வெளிவந்த அரிகி என்பாரின் சிறுநூல், அவ்வெழுத்தை எழுதும் முறையைப் பொதுமக்களுக்குக் கற்பித்தது. அவர் பாப்பரசரின் அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தவர்.

பின்வந்த நூற்றாண்டுகளிற் கூர்முனை வந்து தட்டை முனையைத் தள்ளிவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலே பர்மிங்காம் ஆலைகள் உருக்கு முனைகளைக் கோடிக்கணக்கில் உலகெங்கும் அனுப்பின. 1884ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே வாற்றர்மன் என்பார் ஊற்றுப்பேனைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். தொட்டெழுதும் வேலை ஒழிந்தது. அதனோடு எழுத்தின் நயமும் பெரும்பாலும் ஒழிந்தது.

ஒழிந்ததை மீட்டவர் எட்வேட் ஜோன்ஸ்ரன். அவர் பிரித்தானிய நூதனசாலையிற் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கூர்ந்து நோக்கி, எழுத்தின் அழகு எழுதியவரின் கற்பனையில் மாத்திரம் இல்லை, முனையின் வெட்டிலே இருக்கின்றது என்று கண்டுகொண்டார். 1899ஆம் ஆண்டிலே இலண்டனில் வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1906ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. அவர் வழிவந்த அல்பிரட் பெயர்பாங்க் 1932ஆம் ஆண்டில் நாள்தோறும் எழுதும் கையெழுத்துக்கு ஒரு கைந்நூல் எழுதினார். 1952ஆம் ஆண்டில் இத்தாலிக் கையெழுத்துக்கென ஒரு சங்கமே இங்கிலாந்தில் தோன்றியது. பாடசாலைப் பிள்ளைகள் வாங்கத்தக்க விலையில் இத்தாலிக் முனையுள்ள ஊற்றுப்பேனைகளும் விற்பனைக்கு வந்தன.

தமிழுக்குப் பொருந்துமா?

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், “இது உரோம எழுத்துக்கு உரியது, தமிழுக்கு எதற்கு?” என்றார். கேள்வி நியாயமானது.

நம்முடைய எழுத்து ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணி கீறும், மை தீட்டாது. கீறிய கோட்டிலே வல்லினமும் மெல்லினமும் இல்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏட்டுப் பிரதிகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. குத்தினால் ஓலை பொத்துப்போம் என்பதைக் காரணமாகச் சொல்வர். எகர ஒகரங்களிற் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் வடிவத் திருத்தம் வீரமாமுனிவர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டிலேதான் வந்தது. கருவி எழுத்தை ஆளும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஓலையை விட்டுக் கடதாசிக்கு வந்தபின்பு நம் எழுத்தும் மை முனையின் வழியே நடந்தது. அச்செழுத்திலும் தடிப்பும் மெலிவும் ஏறின. ஆதலின் தட்டை முனை தமிழுக்கு ஆகாது என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் உரோம எழுத்துக்குச் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொண்டாற் கெடும். நம் எழுத்துக்களிற் சுழி மிகுதி. ணகரத்தைப் பாருங்கள், ஞகரத்தைப் பாருங்கள், இகரத்தையும் ஐகாரத்தையும் பாருங்கள். முனை சற்று அகன்றுவிட்டாற் சுழியின் கண் மையால் அடைபட்டுவிடும். ணகரம் எழுத்தாய் இராது. கடதாசியில் விழுந்த கறையாய் இருக்கும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது அகலம். இத்தாலிக் எழுத்தின் உடல் முனையின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு உயரம் உடையதாய் இருத்தல் வேண்டும் என்பது கையெழுத்துக் கலைஞர் கொள்ளும் விதி. ஒற்றைக் கோட்டுக் கொப்பியில் யான் எழுதும் பகரமும் மகரமும் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர் உயரம். அதனை ஐந்தாற் பிரித்தால் 0.7 வரும். சுழி மிகுந்த எழுத்துக்களையும் நினைத்து 0.6 அல்லது 0.7 மில்லிமீற்றரே தமிழுக்கு நல்லது என்பது என் அனுபவம். நீங்கள் பெரிதாய் எழுதுபவராயிற் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். முதலில் அளவுகோல் கொண்டு உங்கள் எழுத்தை அளந்து பாருங்கள். பின்பு பேனையைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாவது விளிம்பு. இது மூவகைப்படும். மூலைகள் கத்திபோலக் கூராக நிற்பது ஒருவகை. தடிப்பு மெலிவு வேற்றுமை இதிலேதான் மிகத் தெளிவாகத் தோன்றும். ஆனால் மேல்நோக்கித் தள்ளும்போது கடதாசியைக் குத்தும். மூலைகளைச் சிறிது மழுக்கி, தொடர்ந்து எழுதுவதற்கு இசைவாகத் தீட்டியது இரண்டாவது வகை. இன்னும் மழுக்கிய மொட்டை முனை மூன்றாவது; அது வழுவழுப்பாய் ஓடும், வேற்றுமை குறையும். அகரத்தின் தொடக்கச் சுழியை எழுதிப் பாருங்கள்: பேனை சுற்றி வரும்போது வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் ஓடியே தீரவேண்டும். சுழிதோறும் இந்தத் தள்ளல் உண்டு. ஆதலின் தமிழ் எழுதுவோர்க்குக் கூர்விளிம்பு ஏற்றதன்று, நடுவகையே ஏற்றது.

மூன்றாவது மையோட்டமும் கடதாசியும். மை மிகுதியாய் இறங்கினால் மெல்லிய கோடு தடித்துவிடும், வேற்றுமை அழிந்துபோம். நம் கொப்பிகளிற் பல மையை உறிஞ்சிப் பரப்புவன. அத்தகைய கடதாசியில் எவ்வளவு சிறந்த முனையும் தோற்றுப்போம். நீங்கள் நாள்தோறும் எழுதும் கடதாசியிலேயே முனையைச் சோதிக்க வேண்டும். கடைக்காரர் நீட்டும் வழுவழுத்த தாளில் அன்று.

நான்காவது பிடி. சிலர் பேனையை நிமிர்த்திப் பிடிப்பர். சிலர் கிடத்திப் பிடிப்பர். சிலர் தம்மை அறியாமலே இடப்புறம் சிறிது திருப்பிப் பிடிப்பர். உருண்டை முனை இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். தட்டை முனை பொறாது. விளிம்பின் ஒரு மூலை எழும்பினாற் கோடு பாதி விழும். பிடியைத் திருத்த முடியாதவர்க்கு விளிம்பையே சாய்வாகத் தீட்டிக்கொடுப்பதும் உண்டு. இடக்கையால் எழுதுவோர் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த எடுப்பிலே பெரும்பணம் செலவிட வேண்டாம் என்று அம்மாணவனுக்குச் சொன்னேன். லாமி என்னும் ஜெர்மனியப் பேனைக்கு 1.1, 1.5, 1.9 மில்லிமீற்றர் அகலங்களில் உருக்காலான தட்டை முனைகள் உண்டு. கழற்றி மாற்றத்தக்கவை. 1.1 தமிழுக்குப் பெரிதுதான். ஆயினும் இரட்டைக் கோட்டுக் கொப்பியிற் பெரிதாய் எழுதிக் கோணம் பழகுவதற்கு அது போதும். ஆறு மாதம் அப்படி எழுதிய பின்பும் ஆசை குறையாதிருந்தால், அகன்ற உருண்டை முனையுள்ள பேனை ஒன்றைக் கை தேர்ந்தவரிடம் கொடுத்துத் தீட்டுவித்துக்கொள்ளலாம்.

அகன்ற முனை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தீட்டுதல் என்பது குறைத்தலே. நுனியிலுள்ள மணியை மேலும் கீழும் முன்னும் தேய்த்து உளியாக்குகின்றனர். இல்லாத அகலத்தை எவராலும் கொடுக்க முடியாது. மெல்லிய முனையை வாங்கிவிட்டு அதனைத் தட்டையாக்கித் தரும்படி கேட்பது, பனங்கிழங்கிலே உத்திரம் அறுக்கச் சொல்வது போலாம்.

இதனை யான் நூலிற் படித்துச் சொல்லவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு ஓர் உருக்கு முனையை வீட்டிலே கத்தி தீட்டும் கல்லில் யானே தேய்த்தேன். கத்திக்கு ஆவது முனைக்கும் ஆகும் என்று எண்ணினேன். பிளவின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்திலும் பார்க்கக் குட்டையாயிற்று. மை இறங்கவில்லை, கடதாசி கிழிந்தது. அத்தொழில் அறிந்தவர்கள் நுண்ணிய தேய்தாளைக் கொண்டு சிறிது தேய்ப்பர், கண்ணாடி வைத்துப் பார்ப்பர், எழுதிப் பார்ப்பர், மறுபடியும் தேய்ப்பர். தேய்ப்பதிலும் பார்க்கப் பார்ப்பதே அவர்களுக்குப் பெருவேலை.

சொல்லாது விட்டது

மாணவன் கண்ட தடிப்பும் மெலிவும் எந்தப் பேனையால் வந்தன என்பதை அவனுக்கு யான் சொல்லவில்லை.

அது என் ஆசிரியருடைய பேனை. பதினான்கு கரற் பொன்முனை, அகன்றது. ஏறக்குறைய நாற்பது வருடம் அவர் அதனாலேயே எழுதினார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவிலே வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது அவர் தம்முடைய ஏடுகளையும் புத்தகங்களையும் விட்டுச் சென்றார். சட்டைப்பையிற் கிடந்தமையாற் பேனை மாத்திரம் கூடப் போயிற்று. 2003ஆம் ஆண்டில் அவர் காலமானபின்பு அவருடைய மனைவியார் அதனை என்னிடம் தந்தார்.

தந்தவர் ஒவ்வொரு வருடமும் ஆசிரியரின் திவசத்தன்று என்னை ஒரே கேள்வி கேட்பார்: “தம்பி, அந்தப் பேனையாலே எழுதுகிறீரோ?” யானும் ஒவ்வொரு வருடமும், “ஓம் அம்மா” என்பேன்.

அது பொய். அந்தப் பேனை எனக்கு எழுதவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நுனியின் மணி ஒருபுறமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. நாற்பது வருடம் கடதாசியில் உராய்ந்து ஆசிரியரின் கையே அம்முனையைத் தீட்டியிருந்தது. அவர் பிடித்தபடி பிடித்தால் அது வழுக்கிச் செல்லும். என் பிடிக்குக் கீறும். பூட்டி வைத்தேன்.

இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் முனை தீட்டும் ஒருவரை அறிந்திருந்தார். படம் எடுத்து அனுப்பினேன். மறுமொழி வந்தது: “தீட்டலாம். மணி இன்னும் மிஞ்சியிருக்கின்றது. ஆனால் பழைய தேய்வு போய்விடும்; போனால் மீளாது.”

இரண்டு வருடம் யான் அதற்கு மறுமொழி எழுதவில்லை. கையால் தொட்டு அறியத்தக்கதாக அவருடைய கை எஞ்சியிருப்பது அந்த நுனியில் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது. அதனை அழிக்க எனக்கு என்ன உரிமை? மறுபுறம், ஒவ்வொரு திவசத்தன்றும் ஒரு முதுபெண்மணிக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றேன். கடைசியில் ஒரு நாள் அவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு,

“அவருடைய எழுத்து, பிள்ளைகளுடைய கொப்பிகளிலே கிடக்குது, தம்பி. பேனை எழுதுறதுக்குத்தானே? எழுதாமல் பூட்டி வைச்சிருக்கிறதுதான் எனக்குப் பொறுக்கேல்லை” என்றார்.

பேனையை அனுப்பினேன். அதனோடு என் கையெழுத்தில் ஒரு பக்கமும், யான் பேனை பிடிக்கும் விதத்தைக் காட்டும் படமும், வழக்கமாக எழுதும் தாளில் இரண்டும் அனுப்பினேன். 0.7 வேண்டும், தொடரெழுத்துக்கு ஏற்றதாய் வேண்டும் என்று எழுதினேன்.

திரும்பி வந்தது 0.6. ஒருபுறத் தேய்வு ஆழமாய் இருந்தமையால் விளிம்பை முற்றாக நேராக்கினால் மணியே மிஞ்சாது என்றும், ஆதலிற் சிறிது சாய்வு விட்டே தீட்டியதாகவும் ஒரு குறிப்பு வைத்திருந்தார். பேனையைச் சற்று இடப்புறம் திருப்பிப் பிடித்தாற் சரியாய் எழுதும் என்றும் சொல்லியிருந்தார். ஆசிரியர் அப்படித்தான் பிடிப்பார். ஐம்பது கடந்த வயதிலே யான் பேனை பிடிக்க மறுபடியும் பழகினேன். ஒரு மாதம் சென்றது. பழக்கமாயிற்று. அதன் பின்பே மாணாக்கர் கொப்பிகளை அதனால் திருத்தத் தொடங்கினேன்.

இவ்வருடத் திவசத்துக்குச் சென்றபோது அம்மையார் அதே கேள்வியைக் கேட்டார். “ஓம் அம்மா” என்றேன். அவர் உடனே ஒரு கடதாசியைக் கொண்டுவந்து முன்னே வைத்து, சமையலுக்கு வேண்டிய சாமான்களைச் சொல்லத் தொடங்கினார். யான் எழுதினேன்: வாழைக்காய், பூசணிக்காய், பயற்றங்காய், கருணைக்கிழங்கு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தார். கருணைக்கிழங்கின் ணையில் ஒரு சுழியேனும் அடைபடவில்லை.

“கடைக்காரனுக்கு விளங்கும்” என்று சொல்லி, அதனை மடித்துப் பையனிடம் கொடுத்துவிட்டார்.